ஒரு தட்டு முந்தியவன்

எங்கள் ஊர் பெல்டனில் யாராவது "வெள்ளிக்கிழமைச் சம்பளம்" பாட்டைப் போட்டால், டெல்பர்ட் நீஸ் எழுந்து வெளியே போய்விடுவான். பள்ளிக்கூட ஆட்டமானாலும் சரி, தீயணைப்புக்காரர்கள் போடும் காலை விருந்தானாலும் சரி. சொந்த மகள் கல்யாணத்திலேயே கேக் தட்டைக் கையில் ஏந்தியபடி கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றான். பாட்டு முடிந்ததும் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து கேக்கைத் தின்றான். அவன் மனைவி பெவ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நான் இந்த ஊரில் முடிவெட்டுகிறவன். ஒருத்தன் ஒரு காரியத்தை ஏன் செய்கிறான் என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தனைக்கும் அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவனே டெல்தான்.

"டின் சைலோ" என்ற பாட்டுக் குழு என்றால் இன்றைக்கும் ஒஹையோவில் ஐம்பது வயது தாண்டியவர்கள் தலையாட்டுவார்கள். அது தொடங்கியது லைல் ராடமாக்கர் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். லைல் பாடினான், கிட்டார் வாசித்தான். ஹோஃபர் சகோதரர்கள் ஆளுக்கொரு கிட்டாரோடு அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பின்னால் டெல். பள்ளி நடனங்களில் தொடங்கி, டொலீடோ மதுக்கடைகள் வரை அவர்கள் நால்வரும் ஒரே வேனில் முட்டி இடித்துக்கொண்டு போனார்கள்.

டெல் அந்தக் காலத்தில் சுத்த அவசரக்குடுக்கை. நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பான். பெவ்வை முதல்முதலாக வெளியே அழைத்துப் போன அன்றைக்கே, அவள் மில்க் ஷேக்கைப் பாதி குடிப்பதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டான். அவன் வாசித்தால் பாட்டு மெதுவாகத் தொடங்கி ஓட்டமாக முடியும். ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். யாரும் குறை சொன்னதில்லை. ஆட்டத்துக்குத்தானே வந்தார்கள்!

வினை கிளீவ்லாந்தில் வந்தது. பாட்டைப் பதிவு செய்யப் போயிருந்தார்கள். "வெள்ளிக்கிழமைச் சம்பளம்" பாட்டின் நடுவில், "காத்திருக்கிறேன்" என்று லைல் பாடி நிறுத்துவான். உடனே எல்லாம் நின்றுவிடும். தாளத்தில் நான்கு தட்டு நேரம் சத்தமே கிடையாது. ஐந்தாவதில் டிரம்ஸ் விழ வேண்டும். டெல் நான்காவதிலேயே விழுந்துவிட்டான். மற்றவர்கள் திடுக்கிட்டு அவன் பின்னால் ஓடினார்கள். திரும்ப வாசிக்கலாம் என்றால், அடுத்த குழு பெட்டிகளோடு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இருந்தபடியே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வைத்து லைல் சொன்னான்: "உனக்குப் பொறுமையே கிடையாதுடா. பெரிய இடத்துக்குப் போற பேண்டுக்கு நீ லாயக்கில்ல." அங்கேயே அவனை வேனை விட்டு இறக்கிவிட்டான். அதோடு சரி.

அந்தக் கோடையில் டெட்ராய்ட் வானொலிக்காரர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஜனங்களுக்கு எது பிடித்தது தெரியுமா? அந்த முந்திய அடிதான். யாரோ கதவை எட்டி உதைத்துக்கொண்டு உள்ளே வருவதைப் போல இருந்தது அது. பாட்டு நாடு முழுக்க ஓடியது. எங்கள் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாட்டு நின்றதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான்காவது தட்டில் ஊரே காலால் தரையை மிதிக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கும் அந்த இடம் தெரியும்.

என் கடைச் சுவரில் டின் சைலோவின் பெரிய படம் ஒன்று இருக்கிறது. குழுவில் ஆள் மாறும்போதெல்லாம், பத்திரிகையிலிருந்து புது ஆளின் முகத்தை வெட்டிப் பழைய முகத்தின்மேல் ஒட்டிவிடுவேன். டெல்லுக்குப் பிறகு வந்த டிரம்மர் ஒருவன் தேவாலயத்தில் சேர்ந்து பிரசங்கியானான். இன்னொருவன் லைலின் முதல் மனைவியோடு அரிசோனா போனான். ஹோஃபர் சகோதரர்கள் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தி, ஒரே வருஷத்தில் இருவரும் விலகினார்கள். கீபோர்டு வந்தது, போனது. மேலே மேலே ஒட்டி, டிரம்மர் இருந்த இடம் வீங்கிப்போய்விட்டது. லைல் முகத்தை மட்டும் நான் மாற்ற வேண்டி வரவில்லை.

டெல் வீடுகளுக்குச் சூடேற்றும் ஃபர்னஸ் ரிப்பேர் செய்யப் போனான். ஆள் அடியோடு மாறிவிட்டான். எதற்கும் அவசரமில்லை. தெருமுனையில் நிறுத்தச் சொல்லும் பலகையைப் பார்த்தால், வண்டியே வராத பாதையிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். "டெல் வந்து ஃபர்னஸைப் பார்க்கிறதுக்குள்ள வசந்தமே வந்துடும்" என்பது என் கடையில் நாள்தோறும் கேட்கும் கிண்டல். மனிதன் தன் சுபாவத்தையே கழற்றி மூலையில் வைத்துவிட்டதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு தடவை, தீயணைப்பு நிலையத்து விருந்தில் பாட்டு தொடங்கியதும், நானும் அவன் பின்னாலேயே நழுவினேன். டெல் தன் லாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பாட்டு நின்றது. ஜனங்கள் மிதித்த சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அதற்கு ஒரு தட்டு கழித்து, டெல் லாரியின் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

அவன் திடுக்கிடவில்லை. "அதோட இடம் அதுதான், மெர்ல். அவங்க மிதிக்கிற இடம் தப்பு."

"இதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வெளிய ஓடி வர்றியா?"

"ஊரே சேர்ந்து என் தப்பை மிதிச்சுக் காட்டுது. உள்ள உக்காந்து பாக்கச் சொல்றியா?" சற்று நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவை. ஜனங்க முன்னால, அந்த அடியை அதுக்குரிய இடத்துல வச்சுட்டா போதும். அப்புறம் எனக்கு ஒன்னும் வேண்டாம்."

அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், அப்பம் ஆறிப்போகிறது, வா என்று உள்ளே இழுத்துப் போனேன்.

சில வருஷம் கழித்து, ஆகஸ்ட் பொருட்காட்சிக்கு டின் சைலோ வந்தது. பெரிய அரங்கங்கள் எல்லாம் போய், அப்போது அவர்களுக்குப் பொருட்காட்சிகள்தான் மிச்சம். பழைய ஆள் லைல் ஒருத்தன்தான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பாதி தலை முடிந்திருக்கும், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"மெர்ல், இந்த ஊர்ல டிரம்ஸ் வாசிக்கிறவன் எவனாவது இருக்கானா? எங்க டிரம்மர் பொண்ணு ஷெல்பி, டிரெய்லர் கதவுல கட்டை விரலை நசுக்கிக்கிட்டா."

"இருக்கான். பெட்ரோல் பங்குல வச்சு ஒருத்தனைத் துரத்தினியே, ஞாபகம் இருக்கா?"

"டெல்லா? அவன் இன்னும் இருக்கானா?"

"இருக்கான். மெதுவா."

லைல் பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டான். நான் கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே போனேன். நடப்பதைப் பார்க்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

டெல் தன் பட்டறையில் ஒரு ஃபர்னஸுக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. லைல் அந்தக் கால்களிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பாட்டெல்லாம் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றன கால்கள்.

"ஒன்னே ஒன்னு. அந்த இடத்துல ஒரு தட்டு முந்தி வந்துடு. ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

டெல் மெதுவாக வெளியே நகர்ந்து வந்து எழுந்தான். முகமெல்லாம் கரி. "எதுக்காக என்னை வேனை விட்டு இறக்கினியோ, அதையே செய்யச் சொல்லி இப்ப வந்து நிக்கிற?"

லைல் தன் பாதித் தலையைத் தடவிக்கொண்டான். "ஆமாடா. நான் மடையன்தான். வர்றியா, இல்லியா?"

"வர்றேன்" என்றான் டெல். முந்தி அடிக்கிறேன் என்று சொல்லவில்லை. லைல் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்று மாலை பொருட்காட்சி மாட்டுக்கொட்டகையில் ஒத்திகை. பரிசுக்கு வந்த பசுக்கள் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். ஷெல்பி கட்டுப் போட்ட கையோடு டெல் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் மகளைவிடச் சின்னவள். மற்றப் பாட்டுகளெல்லாம் அவன் கையில் வழுக்கிக்கொண்டு போயின. அந்த இடம் மட்டும் இடறியது.

"ஒன்னு, ரெண்டு, மூணு, டம்! இப்படி வரணும்" என்று இடது கையால் அவன் தோளில் தட்டிக் காட்டினாள் ஷெல்பி. "நீங்க லேட்டா வர்றீங்க."

"நான் சரியா வர்றேன்."

"சரியா வந்தா அது தப்பு, டெல். எங்கப்பா கார்ல அந்த டேப் தேயிற வரைக்கும் ஓடுச்சு. அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் டிரம்ஸே கத்துக்கிட்டேன். என்ன யோசிச்சு அங்க அடிச்சீங்க? சொல்லுங்களேன்!"

"யோசிக்கவே இல்லம்மா. அதான் விஷயமே."

மறுபடி வாசித்தார்கள். நான்காவது தட்டில் ஒரு பசு கத்தியது. "பாருங்க, அதுக்குக்கூட வருது" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். டெல்லும் சிரித்தான், ஆனால் கடைசிவரை அவன் கை முந்தவில்லை. முந்த மாட்டேன் என்கிறானா, முந்த முடியவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே எலுமிச்சை ஜூஸ் கடையில் பெவ் நின்றிருந்தாள். "நாளைக்கு அவர் அதைச் சரியாத்தான் அடிக்கப் போறார், மெர்ல்" என்றாள்.

"ஊர் சிரிக்குமே, பெவ்."

"சிரிக்கட்டும். இத்தனை வருஷமா லாரியை அடிக்கிறதுக்கு இது மேல்." அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

மறுநாள் பிற்பகல். வெயில் முகத்தில் அறைந்தது. ஒன்றையொன்று முட்டி நொறுக்கும் மோதல் பந்தயத்துக்கு வந்த ஓட்டைக் கார்கள் ஓரமாக வரிசைகட்டி நின்றன. அலுமினியப் படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. டெல் சலவைச் சட்டை போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வாசித்தான். நன்றாகவே வாசித்தான். என் பக்கத்திலிருந்தவர்கள் "நம்ம டெல்லா இது?" என்று கேட்டபோது, நானே பெற்று வளர்த்ததைப் போலப் பெருமைப்பட்டேன்.

கடைசியில் அந்தப் பாட்டு. "காத்திருக்கிறேன்" என்று லைல் நிறுத்தினான். எல்லாம் நின்றது. டெல் இரண்டு குச்சிகளையும் காதுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

நான்காவது தட்டில் ஊர் மிதித்தது. அலுமினியம் முழங்கியது. கிட்டார்கள் அந்த மிதியோடு உள்ளே பாய்ந்துவிட்டன. குச்சிகள் அப்போதும் மேலேயே இருந்தன. அதற்குப் பிறகு, அது விழ வேண்டிய இடத்தில், சுத்தமாக, டெல் அடித்தான்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு கிளம்பியது. பந்தயக் கார் ஒன்றிலிருந்து எவனோ கத்தினான்: "தூங்கிட்டியா டெல்?" லைல் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். டெல் பாட்டோடு சேர்ந்துகொண்டு, முடித்துவிட்டு இறங்கினான். பெவ் மட்டும் கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

மேடைக்குப் பின்னால் கவிழ்த்த பெட்டிமேல் அவன் உட்கார்ந்திருந்தான். நான் ஜூஸைக் கொடுத்தேன்.

"கேட்டியா, மெர்ல்? வச்சேன் பாத்தியா?"

"கேட்டேன். இம்மி பிசகல."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. "சப்புன்னு இருந்துச்சுடா" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். அழப்போகிறான் என்று பயந்துபோனேன். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. ஜூஸ் சட்டையில் கொட்டியது. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு!" என்றான். "இவ்ளோ வருஷம் இதையா பத்திரமா வச்சிருந்தேன், மெர்ல்? இதையா?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. பெவ் வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஓட்டைக் கார்களைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

அந்தக் குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட்டம். இடைவேளையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். பழக்கத்தில் நான் காலை ஒதுக்கி டெல்லுக்கு வழிவிட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை. பாப்கார்னைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெவ் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

பாட்டு நின்றது. கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவதிலேயே, ஒரே ஒரு பூட்ஸ் மரப்பலகைமேல் தடாலென்று விழுந்தது.

முன் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "என்ன?" என்றான் டெல், வாய் நிறைய பாப்கார்னோடு.