இரண்டு மூக்கு கார்

என் சித்தப்பா பட்டுப் புடவைக்குக் கிராப், அதாவது நெய்வதற்கான டிசைன், போடுகிறவர். மாங்காயோ மயிலோ, கட்டம் போட்ட தாளில் பாதிதான் வரைவார். மறுபாதி அதன் திருப்பம். அதைத் தறி பார்த்துக்கொள்ளும். ஒன்பது வயதில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டங்களுக்கு மை தீட்டுவேன். ஆரணியிலேயே என்னைவிடப் பெரிய டிசைனர் கிடையாது என்பது அப்போது என் தாழ்மையான கருத்து.

அந்த வருஷம் சித்தப்பா மயிலை விட்டுவிட்டுக் காரில் இறங்கினார். பழைய பத்திரிகை ஒன்றில் அமெரிக்கக் கார் ஒன்றின் படம் கிடைத்திருந்தது. ஒரு தறி நீளத்துக்கு மூக்கு, இரண்டே கதவு, பின்பக்கம் சும்மா பேருக்கு. வடக்கே கார் டிசைன் சொல்லித்தரும் கல்லூரி ஒன்று, சொந்தமாக வரைந்த காரை விண்ணப்பத்தோடு கேட்டது. வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வருஷம். மூன்று மாதம் வரைந்தார். கூரையை இரண்டு கட்டம் இறக்குவார், முன் சக்கரத்தை நான்கு கட்டம் தள்ளுவார், எட்டி நின்று பார்ப்பார், அழிப்பார்.

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை.

“இன்னாடா இது, ரெண்டே கதவு? பின்னாடி உக்கார்றவன் எகிறிக் குதிக்கணுமா?”

“இது குடும்பத்துக்கு இல்லண்ணா. ஒரு ஆளு தனக்கோசரம் வாங்கிக்கிற வண்டி.”

“அப்படி ஒரு ஆளு நம்ம தெருவுல யாருடா கீறான்?”

சித்தப்பா மூக்கை இன்னும் ஒரு கட்டம் நீட்டினார்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள். நல்ல தாளில் காரின் முன்பாதியை மையில் முடித்திருந்தார். அதற்குள் அப்பா அவரை முள்ளிப்பட்டுக்கு, ஒரு நெசவாளர் வீட்டில் தறியில் மாட்டும் டிசைன் அட்டை கொடுத்துவர விரட்டினார்.

“காத்துல பறந்துடப் போவுது, பாத்துக்கோ பாப்பா” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போனார்.

நன்றாகவே பார்த்துக்கொண்டேன். பாதிதானே இருக்கிறது? கட்டம் எண்ணி, ஒன்றுகூடப் பிசகாமல், திருப்பிப் போட்டு முடித்தேன்.

சாயங்காலம் வந்தவர் தாளை ஜன்னலோரம் எடுத்துப்போனார். வலப்பக்கம் ஒரு மூக்கு, இடப்பக்கம் ஒரு மூக்கு.

“இது எந்தப் பக்கம் போவும் பாப்பா?”

“ரெண்டு பக்கமும், சித்தப்பா. ரிவர்ஸே வேணாம்.”

கூரியர் கடை மூட அரை மணி நேரம் இருந்தது. “நல்லா கீது” என்றார். ராத்திரி அப்பாவிடம், “அந்த ஊரு சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுண்ணா, நான் போவல” என்றார். அப்பாவுக்கு அப்பாடா என்று இருந்தது. எனக்கும்தான்.

என் கார் அவ்வளவு அழகாக வந்துவிட்டதால்தான் அதை வெளியூருக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்று முடிவுகட்டினேன். சட்டம் போட்டு மாட்டச் சொல்லி அடம்பிடித்தேன். மாட்டினார், அவர் கிராப் போடும் மேசைக்கு நேர் மேலே.

அப்புறம் பள்ளிக்கூடத் தோழிகளை வாரம் ஒருத்தியாக வீட்டுக்கு இழுத்துவந்து, “நான் போட்டது” என்று காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, படத்தை மறைக்காமல் இருக்க, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்.