பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி

அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் மௌஸைப் பிடித்து, அடுத்தவர் செய்த தப்புக்கு நாம் "ஸாரி சார்" சொல்வதற்குப் பெயர்தான் சிஸ்டம் சப்போர்ட். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒரகடத்தில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட். எங்களுக்கு அடையாள அட்டை மஞ்சள் கயிற்றில் தொங்கும், கம்பெனி ஆட்களுக்கு நீலக் கயிற்றில். நீலம் என்றால் கம்பெனி பஸ்ஸில் ஏறலாம். அந்த பஸ் தினமும் பிள்ளைப்பாக்கத்தில் என் கண்ணெதிரே நின்று ஆளேற்றிக்கொண்டு போகும். நான் ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மூன்று வருஷமாக அந்த பஸ்ஸோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு திங்கட்கிழமை பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். அதுவரை பிரவுசரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கம்ப்யூட்டரிலேயே தனியாக மெயில் சாஃப்ட்வேர் போட்டுத் தர வேண்டும். "நாப்பது சிஸ்டம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிக்கணும். மெயில் காணோம், ஃபோல்டர் காணோம்னு ஒருத்தர்கூட என் ரூம் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. நின்னா மஞ்சள். நிக்கலேன்னா நீலம்" என்றார்.

பதினோரு வருஷம் எங்கே?

முதல் சிஸ்டம் ஸ்டோர்ஸ் ஏகாம்பரம் அண்ணனுடையது. போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போவதற்குள் ஒரு கத்தல். பதினோரு வருஷமாக சப்ளையர் வாரியாக அவர் பிரித்து வைத்திருந்த அறுபது ஃபோல்டரையும் காணவில்லை. 'இன்பாக்ஸ்' என்ற ஒற்றை வரி மட்டும் ஒன்றும் தெரியாதது போல நிற்கிறது. மனிதர் எழுந்து மேனேஜர் ரூம் பக்கம் நாலு எட்டு வைத்தே விட்டார். என் நீலக் கயிறு நடந்து போவதைப் பார்த்தபடி ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"பதறாதீங்கண்ணா, மெயில் எங்கயும் போகல. இன்பாக்ஸ் பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். அறுபதும் வரிசையாக இறங்கி வந்து நின்றன. அவருக்கு சந்தோஷத்தைவிட அந்த அம்பு மேல் ஆத்திரம்தான் அதிகம்.

"எறும்பு சைஸ்ல ஒரு அம்ப வெச்சிகினு பதினோரு வருஷத்த மறைச்சிட்டானே மேடம்!"

ஆடிட்டுக்காக ஒதுக்கியது

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு அந்த அம்புக்குறியே எனக்குச் சோறு போட்டது. யார் கூப்பிட்டாலும் அதே வசனம், அதே வைத்தியம். புதன்கிழமை பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் தனசேகர் சாரிடம் வந்ததும் வைத்தியம் பலிக்கவில்லை. அம்பை அமுக்கினாலும் எட்டு ஃபோல்டர் வரவில்லை. சர்வரில் பார்த்தால் இருக்கின்றன, திரையில் இல்லை. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: டிக் போட்ட ஃபோல்டர்களை மட்டும்தான் இந்த சாஃப்ட்வேர் காட்டும், இவருடைய எட்டுக்கும் யாரோ டிக்கை எடுத்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்டேன். சார் தலையைச் சொறிந்தார். சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தரையில் கோடுகளுக்குப் புது பெயின்ட் விழும், வேண்டாத சாமானெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். இவர் கம்ப்யூட்டர் திரையையும் விட்டுவைக்கவில்லை. 'ரிஜெக்‌ஷன்', 'கம்ப்ளைன்ட்' என்றெல்லாம் பெயர் தெரிந்தால் ஆடிட்டர் முகம் சுளிப்பாரே என்று, போன மாதம் ஒவ்வொன்றாக டிக்கை எடுத்துவிட்டு அதை மறந்தும் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு எட்டையும் ஒரே மூச்சில் டிக் அடிக்கப் போனேன். சார் மெதுவாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"நாலு போதும் மேடம். அடுத்த மாசம் இன்னொரு ஆடிட் கீது."

கத்துறவர்

டிஸ்பாட்ச் ஸ்டெல்லா என் சிநேகிதி. ஃபோல்டருக்கெல்லாம் தமிழில் பெயர் வைப்பாள், அதுவும் உள்ளதை உள்ளபடி. பழைய சர்வரிலிருந்து இறக்கியதில் அந்தப் பெயர்கள் எல்லாம் உடைந்து, எழுத்தும் எண்ணுமாக நொறுங்கிக் கிடந்தன. வியாழக்கிழமை காலை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் சொல்ல, நான் டைப் அடித்தேன். 'லாரி வரல'. 'நாளைக்குப் பாக்கலாம்'. 'கத்துறவர்'.

மூன்றாவதை அடித்து முடித்ததும் ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தாள். திரும்பினால் பின்னால் மேனேஜர். "யாரும்மா அது கத்துறவர்?" என்றார். "கஸ்டமர் சார்" என்றாள் ஸ்டெல்லா, கண்ணிமைக்காமல். சார் குனிந்து தானே அந்த ஃபோல்டரைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை இருநூறு மெயிலும் ஒரே ஆள் அனுப்பியவை. வாசலில் யாரும் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, வாசலே இங்கே வந்து நிற்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"இருநூறு மெயில்! என்னைத் தவிர இந்தக் கம்பெனில வேற யாருமே கத்துறதில்லியாம்மா?"

நாற்பதாவது சிஸ்டம்

சனிக்கிழமை பதினொன்றரைக்கு, கடைசியாக என் சிஸ்டத்திலும் போட்டு, எல்லாம் முடிந்தது. ஒருத்தரும் வாசலில் போய் நிற்கவில்லை. ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் மெயிலும் வரவில்லை. இன்பாக்ஸைப் பத்து தடவை திறந்து பார்த்தேன். ஒரு மணிக்கு எச்.ஆர். மூடிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாக்கு கொடுத்தவரை நேராகவே கேட்டுவிடுவது என்று மேனேஜர் ரூமை நோக்கி விடுவிடுவென்று நடந்தேன். குறுக்கே கையில் டீயோடு ஏகாம்பரம் அண்ணன்.

"இன்னா மேடம், எங்க இவ்ளோ வேகம்?"

"ஆர்டர் மெயில் அனுப்பலண்ணா. கேக்கப் போறேன்."

அவர் நகரவில்லை. என்னைத் திருப்பி என் மேஜைக்கே அழைத்து வந்தார். திரையைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். "பதறாதீங்க மேடம், மெயில் எங்கயும் போவல. இன்பாக்ஸ் பக்கத்துல சின்ன அம்பு கீது பாருங்க, அத்த அமுக்குங்க" என்றார்.

எனக்கேவா என்ற எரிச்சலோடு அமுக்கினேன். 'எச்.ஆர். தொல்லை' என்று ஒரு ஃபோல்டர் இறங்கியது. ஹெல்மெட் போடு, பிறந்தநாள் வாழ்த்து, கேன்டீன் மெனு என்று அவர்கள் அனுப்பும் சர்க்குலரெல்லாம் தானாகப் போய் விழட்டும் என்று எப்போதோ நானே செய்து வைத்தது. உள்ளே, ஹெல்மெட்டுக்கும் சாம்பார் சாதத்துக்கும் நடுவில், வெள்ளிக்கிழமை காலையே வந்து காத்திருக்கிறது என் ஆர்டர். வியாழக்கிழமை சிரித்த கையோடு, வேலை முடியும் முன்பே சார் அனுப்பச் சொல்லிவிட்டார் போல. சனிக்கிழமை ஒரு மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டுமாம். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. 'சம்மதம்' என்று பதில் அனுப்பிவிட்டு, சிரிப்பும் கண்ணீருமாக நிமிர்ந்தேன். அண்ணன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"நல்லவேள, வாசல்ல போய் நிக்கல. நின்னிருந்தா மஞ்சள்தான் மேடம்."

திங்கட்கிழமை நீலக் கயிற்றோடு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், அந்த வாரம் அம்புக்குறியை அமுக்கத் தெரியாமல் மேனேஜர் வாசலுக்குக் கிளம்பிய கடைசி ஆள் சிஸ்டம் சப்போர்ட்தான் என்பது உறுதியானது.