குறை பார்க்க வருகிறவர்கள்

எனக்குக் காத்திருப்பது என்றாலே எரிச்சல். தலையெழுத்தைப் பாருங்கள், நான் சம்பளம் வாங்குவதே காத்திருப்பதற்குத்தான். விவசாயத்திலும் உணவுத் தொழிலிலும் புதிதாக எதையாவது செய்கிறவர்களுக்கு அரசாங்கம் புதுமை நிதி என்று ஒன்று கொடுக்கிறது. வாங்கியவர்கள் சொன்னபடி செய்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்க ஓர் அதிகாரி உண்டு. அந்த மேடத்துக்கு நான் ஜீப் டிரைவர். அவர் உள்ளே போவார், நான் வெளியே கொட்டாவி விடுவேன். காளான் வளர்ப்பவர் வாசலிலும் கோழித்தீவனக்காரர் வாசலிலும் நான் விட்ட கொட்டாவிக்குக் கணக்கே கிடையாது. தூள்காரர் வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிற மனுஷர் அவர்.

தூள்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். மனுஷர் அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பேக்கரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மகன் எங்கோ வெளிநாட்டில். பேக்கரி அடுப்பின் புகைக்குழாய் அவருடைய சுவரை ஒட்டித்தான் மேலே போகும். தெரியாமல் முதுகைச் சாய்த்தால் போச்சு, சுரீர் என்று சுடும். வாடகை மலிவு என்றால் சும்மாவா?

ஒருநாள் குழம்புக்குத் தக்காளி நறுக்கிச் சுவரோரத்து அலமாரியில் வைத்தவர், ஒருத்தனுக்காக என்ன சமையல் என்று அலுத்துப்போய் அப்படியே படுத்துவிட்டார். அடுத்த நாளும் அதே அலுப்பு. அப்புறம் எடுத்துப் பார்த்தால் துண்டுகள் அழுகவில்லை, நிறமும் மங்கவில்லை, மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? பழைய ஃபிரிட்ஜ் விசிறி ஒன்றைப் பொருத்தி, வீணாய்ப் போகிற சூட்டை ஒரு பெட்டிக்குள் திருப்பி, அதற்குள் கம்பிவலைத் தட்டுகளை அடுக்கினார். சந்தையில் யாரும் சீந்தாத அடிபட்ட தக்காளி உள்ளே போய், நல்ல சிவப்புத் தூளாக வெளியே வந்தது.

பேக்கரி முதலாளி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பித்தான் மனுஷர் விண்ணப்பம் போட்டார். நிதியும் கிடைத்துவிட்டது. அதில் ஸ்டீல் பெட்டி வந்தது, அரைக்கிற மெஷின் வந்தது, பொட்டலம் ஒட்டுகிற மெஷின் வந்தது. பேக்கரியும் பக்கத்து ஹோட்டல்களும் தூளை வாங்கிக்கொண்டன. அவர் சாப்பாடு அதில் ஓடியது.

முதல் தடவை மேடம் போனபோது உண்மையாகவே குறைகள் இருந்தன. ஜன்னலில் ஈ வலை கிழிந்திருந்தது, தலைக்கு உறை இல்லை. எங்கள் ஆபீஸ் வழக்கம் இதுதான். குறை என்று எழுதிவிட்டால், சரிசெய்தாயிற்றா என்று பார்க்கத் தேதி போட்டு மறுபடி போகவேண்டும். குறையே இல்லையென்றால் கோப்பை மூடிவிடலாம், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

இரண்டாம் முறை போனோம். வலை புத்தம் புதிது. தலையில் உறையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார். அறையில் மூன்று நாற்காலிகள். இரண்டு, பேக்கரியில் கடன் வாங்கியவை. டீயும் சூடான பன்னும் தயாராக இருந்தன. அரசாங்கக் காசில் வந்தவர் டீ குடிக்கக்கூடாது என்று மேடம் கொஞ்ச நேரம் சட்டம் பேசிவிட்டு, அப்புறம் குடித்தார். நான் சட்டமெல்லாம் பேசவில்லை.

நடுவில் தூள்காரரின் போன் அடித்தது. மகன்.

"ஆபீஸ்லருந்து வந்திருக்காங்கப்பா. முக்கியமான பேச்சு போயிட்டிருக்கு. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். அந்தத் தோரணையைப் பார்க்கவேண்டுமே! முக்கியமான பேச்சு என்னவென்றால், என் ஜீப்பில் வரும் கடகட சத்தம் எதனால் என்பதுதான். நாங்கள் கிளம்புகிறவரை போன் மறுபடி அடிக்கவில்லை.

அந்த முறை தராசில் முத்திரை இல்லை என்று குறை. அடுத்த முறை பொட்டலத்தில் தேதி ஒட்டவில்லை. அதற்கடுத்த முறை குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை. மேடத்துக்குத் தலை சுற்றியது.

"இவ்வளவு நேர்த்தியான மனுஷர், ஒவ்வொரு தடவையும் எதையாவது கோட்டை விடறாரே, ஏன் டிரைவர்?"

எனக்கென்ன தெரியும்? வயசாகிவிட்டது மேடம் என்றேன்.

வருஷக் கணக்கு முடிக்கிற மாதம் வந்தது. மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கடைசிப் பார்வையிலும் குறை இருந்தால் நிதி ரத்து, நிதியில் வாங்கிய சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மேடம் போனிலேயே அவரிடம் விளக்கமாகச் சொன்னார். நானும் பக்கத்திலிருந்து, "அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல? இந்தத் தடவை எசகுபிசகு ஆகக்கூடாது" என்று கத்தினேன்.

பார்வைக்குப் போன அன்றைக்கு மேடம் பேக்கரி முதலாளியிடம் தூள் எவ்வளவு ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு முன்பக்கம் நின்றார். நான் பின்பக்கம் போனேன். கதவு திறந்தே இருந்தது. தூள்காரர் ஸ்டீல் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்கு மேலே ஆணியில் வெப்பமானி தொங்கும். அது இல்லாமல் பெட்டியை ஓட்டக்கூடாது என்பது விதி. அதைக் கழற்றினார். கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடித்தேன்.

"யோவ் பெரிய மனுஷா! என்ன காரியம் பண்றீங்க? இத்தனை நாளும் இதே வேலைதானா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திருட்டு முழி முழிப்பார் என்று நினைத்தேன். இல்லை, கெஞ்சுகிற முகம்.

"குறை இருந்தாத்தானே தம்பி திரும்ப வருவாங்க?"

"லாரி வரும்! அள்ளிட்டுப் போயிடுவாங்க! புரியுதா இல்லையா?"

"புரியுது. ராத்திரியெல்லாம் வேண்டாம்னுதான் இருந்தேன். கை கேக்க மாட்டேங்குது."

அதற்குள் மேடம் வந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈ வலை, தலையுறை, தராசு, தேதி, தொட்டி மூடி, எல்லாம் கச்சிதம். பெட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வெறும் ஆணியைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். சட்டைப்பைக்கு வெளியே வெப்பமானியின் கண்ணாடித் தலை அரைவிரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிக்கக்கூடத் தெரியாத மனுஷர்.

மேடத்தின் முகம் மாறியது. மூடி, தேதி, முத்திரை என்று போன மாதங்களெல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் வரிசையாகப் புரிந்திருக்க வேண்டும். குறை என்று எழுதினால் தூள்காரர் பிழைப்பு போகும். இல்லை என்று எழுதினால் நாங்கள் போய்விடுவோம். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் கிட்டே போய், அவர் பையிலிருந்து வெப்பமானியை மெதுவாக எடுத்து ஆணியில் மாட்டினார். நேராகத் தொங்குகிறதா என்று சரிபார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்குங்கய்யா. ஒரு குறையும் இல்ல."

"அப்போ அடுத்த மாசம்..."

"இனிமே வரவேண்டியதில்லய்யா. நீங்க நல்லபடியா முடிச்சிட்டீங்க."

அவர் ஏதோ பரிசு வாங்கியவர்போலச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "டீ ஆறிடும்மா, குடிங்க" என்றார். குடித்தோம். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மேடம், "நல்லதுதானே பண்ணேன் டிரைவர்?" என்று கேட்டார். நல்லதுதான் மேடம் என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம் அந்தப் பக்கம் எங்களுக்கு வேலை இல்லை. ஒருநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். தினமும் ஏதாவது ஒரு சவாரி, ஏதாவது ஒரு சாக்கு.

புது வருஷத் திட்டங்களுக்கு விண்ணப்பம் கொடுக்கிற அன்று ஆபீஸ் வராந்தாவில் நீள வரிசை. வண்டியைத் துடைத்துக்கொண்டே பார்த்தால், நடுவில் தூள்காரர்! சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு, நன்றாகச் சவரம் செய்துகொண்டு நிற்கிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணே! என்ன இங்க? மெஷின் ஓடுதுல்ல?"

"ஜம்முனு ஓடுது. ஹோட்டல்காரங்க இன்னும் கேக்கறாங்க."

"அப்புறம் என்ன? புதுசா ஏதாவது கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னும் ஒண்ணும் தோணல. தோணிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்தத் திட்டத்துல அடிக்கடி வந்து பார்ப்பாங்கன்னு மட்டும் உள்ள கேட்டுச் சொல்லு தம்பி."

எனக்குச் சுருக்கென்றது.

"அதுக்கு எதுக்குண்ணே திட்டம்? நானே ஒருநாள் வர்றேன்."

"வருவே. எனக்குத் தெரியாதா?" என் தோளில் தட்டிக்கொடுத்தார், கோபமே இல்லை. "ஒருநாள் வர்றேன்னுதான் என் பையனும் சொல்றான். தேதி போட்டு வர்றது ஆபீஸ் மட்டும்தாம்பா."

வரிசை நகர்ந்தது. அவரும் என் கையை விட்டுவிட்டு நகர்ந்தார்.