எண்பதைத் தொட்டால் வரும் ஆட்டம்

எழுபது வரை என் வண்டி தங்கம். எழுபத்தைந்தில் தரை முனக ஆரம்பிக்கும். எண்பதைத் தொட்டால் போதும், சீட்டுக்கு அடியில் யாரோ மாவு மில்லைப் போட்டுவிட்டது மாதிரி அதிரும். கியர் லிவர் நடுங்கும். டேஷ்போர்டில் ஒட்டி வைத்த பிள்ளையார் மெல்ல மெல்ல, பக்கத்து சீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிடுவார். கண்ணாடியில் பின்னால் வருகிற ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். அதற்கு மேல் மிதிக்க எனக்கே பயம்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் பக்கம் இருக்கும் பாலிடெக்னிக்குக்கு இந்த வண்டியில்தான் தினமும் போய் வருகிறேன். அங்கே பிசிக்ஸ் லேப் என் பொறுப்பு. வண்டிக்குப் பதினெட்டு வயது, ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. முப்பத்தேழு வயதில் பனமரத்துப்பட்டி ஏரி ரோட்டில் இதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களைப் பிறகு கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் ஏற்றிப் போனேன். அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதும் இல்லை.

என் அப்பா வீடு லாரி வீடு. அதனால் வண்டியைப் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பதோடு சரி. நான் ஜாக்கி போட்டு ஏற்றி, லாரிக்குச் செய்வது போல அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் பூசணிக்காய் உடைப்பேன். வருஷம் தவறியதில்லை.

வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். ஆட்டம் ஆரம்பித்த பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகிவிட்டது. கார்த்திகை மாதம் ஒருநாள் இறங்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தை பொறக்கறதுக்குள்ள சரியாச்சுன்னா வெச்சுக்கோ புள்ள. இல்லாட்டி குடுத்துப்போடலாம். பாதி ரோட்டுல சக்கரம் கழண்டு போச்சுன்னா என்ன பண்றது?" சொன்னதோடு நிற்கவில்லை. பழைய வண்டி வாங்கி விற்கும் நாமக்கல் கன்சல்டிங்காரரிடம் போனில் பேசி, தை முதல் வாரம் வந்து பார்க்கவும் சொல்லிவிட்டார்.

வண்டி போனால் மறுபடியும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், அது கூடப் பரவாயில்லை. எங்கே கிளம்புவதானாலும் இன்னொருவரைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். பதினைந்து வருஷமாக மறந்துபோயிருந்த பழக்கம் அது.

ஆட்டம் எப்போது வந்தது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எஞ்சினின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாயை எங்கள் பக்கத்தில் ஜாயிண்ட் என்பார்கள். அதன் முனைகளில் கூட்டல் குறி மாதிரி ஒரு சாமான் இருக்கும், அதற்குக் கிராஸ் என்று பெயர். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தக் கிராஸ் தேய்ந்து டக் டக் என்று சத்தம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், வெண்ணந்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர், ஜாயிண்டை முதல்முறையாகக் கழற்றிக் கிராஸை மாற்றினார். சத்தம் போய்விட்டது. அடுத்த நாள் பைபாஸில் ஏறியதும் ஆட்டம் வந்துவிட்டது.

"ஜாயிண்ட்ல ஒண்ணுமில்லீங்க டீச்சர். நானே என் கையால மாட்டுனதுங்க" என்றார் மெக்கானிக். டயரைப் பார்க்கச் சொன்னார்.

டயர் கடையில் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் பார்த்தார்கள். நான் வண்டியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அங்கிருந்தவர் என் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சாரக் கூட்டிட்டு வாங்க மேடம், அவர்கிட்ட சொல்றோம்" என்றார். மறுநாள் சாரைக் கூட்டிக்கொண்டு போனேன். சாருக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது நாலு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும்தான். அவரிடம் பத்து நிமிஷம் விளக்கினார்கள், அவரும் தலையாட்டினார். திரும்பும்போது எண்பதில் பிள்ளையாரும் தலையாட்டினார்.

எரிச்சலில் நானே சோதனையில் இறங்கினேன். லேப் வேலை பார்ப்பவள், அதிர்வு எனக்கு என்ன புதிதா? புதுச்சத்திரம் தாண்டி ரோடு நேராக இருக்கும் இடத்தில், விடிந்ததும் வண்டி கம்மியாக ஓடும் நேரத்தில் போனேன். ஸ்டியரிங் ஆடவில்லை, சீட்டுதான் ஆடியது, ஆகவே முன்சக்கரம் இல்லை. நாலாவது கியரிலும் அதே எண்பதில்தான் ஆட்டம், அஞ்சாவதிலும் அதே எண்பதில்தான். எண்பதில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை இளைப்பாற விட்டேன், அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. ஆகவே எஞ்சினும் இல்லை. பின்சக்கரங்களை முன்னால் மாட்டிப் பார்த்தும் ஆட்டம் சீட்டை விட்டு நகரவில்லை. மிச்சம் இருப்பது ஜாயிண்ட் மட்டும்தான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தைக்குள் சரியாகாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறோம் என்பதையும் சொன்னேன். மெக்கானிக் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "எஞ்சினத் தாங்கற மவுண்டிங் ரப்பர மாத்திப் பாத்தரலாமுங்க" என்றார். மாற்றினார். எழுபத்தைந்தில் முனகல், எண்பதில் மாவு மில். திரும்பவும் போனேன். "கியர் பாக்ஸ் மவுண்டிங்குங்க." அதையும் மாற்றினார். மார்கழி பாதி போயிருந்தது.

மூன்றாவது தடவை போனபோது எனக்குப் பொறுமை விட்டுப்போனது. பட்டறையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவரை வெளியே வரச் சொல்லி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஒரு ஜாயிண்ட ஒழுங்கா மாட்டத் தெரியல, நீங்கெல்லாம் ஒரு மெக்கானிக்குங்களா? பட்டறைய இழுத்துச் சாத்திட்டுப் போங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் திட்டும்போதும் மரியாதை குறையாது, அதனால் சுடுவதும் குறையாது. அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தை பிறக்க நாலு நாள் இருந்தபோது நாமக்கல்லில் லாரி ஜாயிண்ட் மட்டும் பார்க்கும் லேத் பட்டறை ஒன்றுக்கு வண்டியை விட்டேன். வீட்டுக்காரரும் கூட வந்தார், வண்டியை விற்பது உறுதிதானா என்று பார்த்துப் போகத்தான் வந்தார் என்று நினைத்தேன். லேத்துக்காரர் ஜாயிண்டைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தார். "பேலன்ஸ் சரியாத்தானுங்க இருக்குது" என்றார். என் கடைசி நம்பிக்கையும் போனது.

பிறகு அவர் ஒரு கம்பி பிரஷை எடுத்து, ஜாயிண்டின் இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சேரும் இடத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். கறுப்பு உதிர்ந்தது. அதற்கு அடியிலும் கறுப்பு. அதற்கும் அடியில் இன்னொரு கறுப்பு. பிரஷ் போதாமல் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்தார். ஒரு பாகத்தில் இரும்பில் வெட்டிய சின்ன அம்புக் குறி தெரிந்தது. இன்னொரு பாகத்தையும் சுரண்டினார், அங்கேயும் ஓர் அம்பு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டியவை. ஒன்று வடக்கே பார்த்தால் மற்றது கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதானுங்க வியாதி. அம்பு மாறுனா ரெண்டு முனை கிராஸும் ஒரே நேருல நிக்காது, வேகம் போனா ஆட்டும்" என்றார். "பிரிச்சு மாட்டறப்ப அம்பப் பாத்து மாட்டோணும். அம்பு கண்ணுக்குத் தெரியலீன்னா, பழைய வண்டி, யாரோ குறியில்லாத ஜாயிண்ட மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சு அப்புடியே சொருகிருவாங்க. ஏனுங்க, யாரு இதுமேல இத்தன பெயிண்ட அடிச்சது?"

வாய் தானாகத் திறந்தது. "எங்க மெக்கானிக்குங்க" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்பு மேல பெயிண்ட் அடிக்கறவனெல்லாம் ஒரு மெக்கானிக்குங்களா?"

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அம்புக்கு அம்பு சேர்த்து மாட்டிக் கொடுத்தார் லேத்துக்காரர். பைபாஸில் ஏறினேன். எழுபத்தைந்தில் முனகல் இல்லை. எண்பதில் பிள்ளையார் என்னைப் பார்த்தபடியே இருந்தார். தொண்ணூறு வரை மிதித்தேன். பின்னால் வந்த லாரி ஒரே லாரியாக வந்தது. வீட்டுக்காரரின் இரண்டு கையும் கைப்பிடியை விட்டு இறங்கி மடிக்கு வந்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூன்று மாதம் நான் பட்ட பாட்டுக்கு இந்த மனுஷன் இப்போதாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் சொன்னார். "வருசா வருசம் பெயிண்ட் டப்பாவப் புடிச்சுட்டு நின்னவன் நாந்தான புள்ள."

சும்மா சொல்லக் கூடாது, கோபம்கூட வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் திருப்பிவிட ஆள் யாரும் மிச்சமில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வெண்ணந்தூர் ரோட்டுக்கு விட்டேன்.

வண்டிச் சத்தம் கேட்டு மெக்கானிக் எழுந்து வெளியே வந்தார். எப்போதும் ஜன்னல் வரை வருகிறவர் நாலு அடி தள்ளியே நின்றார். "இன்னும் ஆடுதுங்களா டீச்சர்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஓடி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து, அதைப் பிரித்துக் காட்டினார். "ஜாயிண்ட நடுவுல தாங்கற பேரிங்குங்க. நேத்து சேலம் போயி வாங்கியாந்தனுங்க. இது ஒண்ணுதான் நாம மாத்தாதது. நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லீங்க."

நான் இறங்கி நின்றேன். "ஆட்டம் நின்னுபோச்சுங்கண்ணா. அம்புக் குறி மேல பத்துப் பன்னண்டு வருசமா பெயிண்ட் அடிச்சது நானுங்க. உங்க மேல தப்பில்லீங்க. லேத்துல யாரு பெயிண்ட் அடிச்சதுன்னு கேட்டப்பவும் பழிய உங்க மேலதான் போட்டேன்."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அன்று நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

"அப்ப வண்டியக் குடுக்கலீங்கல்ல?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வண்டிக்குள் வீட்டுக்காரர் போனை எடுத்து, கன்சல்டிங்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அந்தப் பொட்டலத்தைப் பழையபடி சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.