குலுக்கிக் காட்டிய வாட்ச்

அறுபதாம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எனக்கு ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் பரிசளித்தார். கையை அசைத்தால் உள்ளே ஏதோ கரகரவென்று உருண்டது. தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே வாங்கிப் பழகியவன் நான். வாட்சையும் அப்படியே ஆட்டிப் பார்த்தேன். "பழைய சரக்கைத் தலையில கட்டிட்டாரு" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டினேன். அது மாப்பிள்ளையின் காதுக்கும் எட்டியது. பிறகு அவர் அரியலூர்ப் பக்கமே வரவில்லை. மகள் மட்டும் வந்து போனாள்.

ஆறு மாதம் கழித்துப் பெரம்பலூரில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"இந்த அரைவட்டத் தகடு சுத்துனாத்தான் சார் சாவி ஏறும். லேசா சத்தம் வரத்தான் செய்யும். ஆனா இதுல திருகு தளந்து தகடே ஆடுது. யாரு சார் இந்தக் குலுக்கு குலுக்குனது?"

முப்பது வருடம் இயற்பியல் நடத்திய நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திருகை முடுக்கித் தந்ததும் கடை வாசலிலிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"வாட்ச் நல்ல வாட்ச்தான் மாப்ள. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

 மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"அடுத்த தடவ வேட்டியா எடுத்துத் தரேன் மாமா. அது சத்தம் போடாது."

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். உறவுக்காரர்களையும் அழைத்திருந்தேன்; அவர்கள் முன்னாலேயே என் தப்பைச் சொன்னேன். என் மைத்துனர் மட்டும் கையை நீட்டி, "எங்க, இப்ப குடுங்க, குலுக்கிப் பாப்போம்" என்றார்.

நான் கொடுக்கவில்லை.