மேல்கணக்குச் சுவரில் தாமரை

கிருஷாந்தியின் ஆய்வுக் கட்டுரை கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது வினோதா ஹட்டனிலிருந்து லிந்துலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். திறந்ததும் அவள் கட்டுரையைப் படிக்கவில்லை. முதலில் பெயரைப் பார்த்தாள். கலாநிதிப் பட்டத்தோடு கிருஷாந்தியின் பெயர், அதன் கீழே நோர்வேயில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம். பிறகு தன் பெயர் எங்காவது தென்படுகிறதா என்று நன்றியுரை வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். இல்லை.

மலைச் சரிவுகளில் கட்டப்படும் தாங்குசுவர்களைப் பற்றிய கட்டுரை அது. அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மண்ணையே கிருஷாந்தி பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய்ச் சோதித்திருந்தாள். இந்த மலைகளில் சுவரைத் தள்ளிச் சாய்ப்பதில் மண்ணைவிட மண்ணுக்குள் அகப்பட்ட தண்ணீருக்கே பங்கு அதிகம் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். வினோதாவுக்கு வயிறு எரிந்தது. இதே பேச்சை எத்தனை சுவரடியில் நின்று எத்தனை மேசன்மாரிடம் அவள் தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். தமிழில், மழையில், குடையில்லாமல் பேசினால் அது வெறும் சத்தம். ஆங்கிலத்தில் அச்சானால் ஆய்வு.

இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்தவர்கள். உயர்தரத்தில் ஒரே மேசையில் கணிதம் படித்தார்கள். கிருஷாந்தி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வினோதாவின் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, தோட்ட வீடமைப்புத் திட்டமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தாள். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் அவளைச் "செவரு மிஸ்" என்று சொன்னால்தான் தெரியும். பெயர் சொல்லிக் கேட்டால் யாரென்று முழிப்பார்கள்.

அவள் கட்டுவித்தவற்றில் அவளுக்கே பிடித்தது ஒரு தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் நின்ற கருங்கல் சுவர். மண் சரிந்த இடத்தில், லயத்துக்கும் மலைக்கும் நடுவில் எழும்பியது. முதுகுப்புறம் சல்லிக்கல் நிரப்பி, தண்ணீர் வெளியேறத் துளைகளை வரிசையாக விட்டு, ஒவ்வொரு துளையிலும் குழாயைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு வரிசையில் சாய்வு பிசகிப் போனதற்காக மேசனை அந்த வரிசை முழுவதையும் பிரிக்க வைத்தவள் அவள். அந்த மேசன் இன்றைக்கும் அவளைக் கண்டால் அடுத்த பாதையில் போய்விடுவான்.

அடுத்து வந்த ஞாயிறு முழுவதும் கட்டுரையில் பிழை தேடினாள். கிடைக்கவில்லை. நான்காவது வரைபடத்தில், சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஏறப் பாதுகாப்புக் காரணி எப்படி இறங்குகிறது என்று ஒரு கோடு வளைந்து விழுந்தது. காரணி ஒன்றுக்கு மேலே இருக்கும்வரை சுவர் நிற்கும். அதற்குக் கீழே போனால் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோட்டைப் பொய்யாக்கிவிடும் ஆசையில் வினோதா தன் மேல்கணக்குச் சுவரின் உயரத்தையும் அகலத்தையும் அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாள். துளைகள் வேலை செய்தால் சுவர் மலைபோல நிற்கும். முழுவதும் அடைபட்டுத் தண்ணீர் உச்சிவரை ஏறினால் காரணி ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். திருப்பிப் போட்டாள். அதே விடைதான். கணக்கும் கிருஷாந்திக்கே சார்பாக நின்றது என்ற ஆத்திரத்தில் பென்சிலை மேசையில் எறிந்தாள்.

அன்று மாலையே கிருஷாந்தியின் அழைப்பு வந்தது. ஊருக்கு வந்திருக்கிறாளாம்.

"கட்டுரைய வாசிச்சியாடி?"

"பாத்தேன். நேரமில்ல, மேலோட்டமாத்தான்."

"சரி, அத விடு. தோட்டத்து ஆளுங்களுக்குத் தமிழ்ல ஒரு கைநூல் எழுதுறேன், செவரு, தண்ணி ஓடுற கான், சரிவு எல்லாத்தையும் பத்தி. அட்டையில ஒழுங்கா கட்டின செவரு ஒண்ணு படமா வேணும். டிக்கோயாவுல இன்ஜினியர் குணரத்தினம் சேர் கட்டினது ஒண்ணு பாத்திருக்கேன். ஒன்னோடதையும் வந்து பாக்கவா?"

அந்த "ஒன்னோடதையும்" வினோதாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனாலும் அட்டையில் தன் சுவர், அடியில் தன் பெயர், ஒவ்வொரு தோட்டத்து நூலகத்திலும் அந்தப் புத்தகம் என்று மனம் அதற்குள் ஓடிப்போய்விட்டது. "வா" என்றாள்.

மேல்கணக்கில் அப்போது மாரியம்மன் திருவிழாவுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வருடாவருடம் திருவிழாவுக்கு முன்னால் லயத்துச் சுவர்களைப் பூசி வெள்ளையடிப்பது அங்கே வழக்கம். கரகம் வரும் பாதை தாங்குசுவரை ஒட்டிப் போவதால் இந்த முறை அதையும் சேர்த்துக்கொள்ளத் தோட்டத் தலைவர் சின்னராசா ஆசைப்பட்டார்.

"செவரு ஜோராத்தான் இருக்கு மிஸ். ஆனா அந்த ஓட்டையெல்லாம் சளி புடிச்ச புள்ள மூக்கு மாதிரி ஒழுகிக்கிட்டே இருக்கே. சாமி வர்ற பாதைங்க. சிமெந்து பூசி, வெள்ளையடிச்சி, பொடியங்கள விட்டு ஒரு தாமரைப்பூ வரைஞ்சிட்டா எப்புடி இருக்கும்?"

வேறு நாளாக இருந்தால் வினோதா அவரை நிற்கவைத்தே ஏசியிருப்பாள். அன்று அவள் சுவரைக் கிருஷாந்தியின் கமராவுக்குள் வைத்துப் பார்த்தாள். துளைகளுக்குக் கீழே காவி நிறத்தில் கோடு கோடாகக் கறை. டிக்கோயாவில் குணரத்தினம் சேரின் சுவர் அப்போதுதான் குளித்த மாதிரி பளிச்சென்று இருக்கும்.

"பூசுங்க தலைவரே," என்றாள். "ஓட்டைக்குள்ள மட்டும் பேப்பர வச்சிட்டுப் பூசுங்க. படம் எடுத்த கையோட ஒடைச்சிறலாம்."

"ஒடைக்கிறதா? தாமரையவா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

திருவிழா நடந்தது. சுவர் முழுவதும் தாமரை பூத்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்கூட வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். லயத்தின் கோடிக் காம்பராவில் இருந்த காளியாயிக்கு மட்டும் மனத்தாங்கல். "அந்த ஓட்டத் தண்ணியிலதான் நான் சட்டி பானை கழுவுறது. இப்ப தண்ணிப் பீலிக்கு நடக்கணும். பூவப் பாத்தா சட்டி வெளங்குமா புள்ள?"

கிருஷாந்தி வருவதாகச் சொன்ன நாள் தள்ளிப்போனது. கொழும்பில் ஏதோ மாநாடாம். மாநாடு என்ற சொல்லைக் கேட்டதும் வினோதாவுக்கு மறுபடியும் எரிந்தது. நான் காத்திருப்பது தெரிந்தால் இன்னும் தள்ளிப்போடுவாள் என்று அவசரப்படுத்தாமல் இருந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கிருஷாந்தி வரும் காலையில் வினோதா குடையோடு மேல்கணக்குக்கு ஏறினாள். தூரத்தில் பார்க்கச் சுவர் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் போனதும் பெரிய தாமரையின் இதழ் ஒன்று நடுவில் கீறியிருப்பது தெரிந்தது. கீறலில் விரலை வைத்தாள். உள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர் விரலைத் தள்ளியது. தலையை உயர்த்தினாள். அவள் தலைக்கும் மேலே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்காவது வரைபடத்தின் கோடு விழுந்த இடம் அவளுக்கு மனப்பாடம்.

கைபேசி அடித்தது. "தலவாக்கலையில பாதையில மண்ணு விழுந்து கெடக்குடி. அரமணி நேரம் செல்லும். மழையில படம் வருமா?"

அரைமணி நேரம். அதுவரை நிற்குமா? நின்றால் படம் கிடைக்கும், அட்டை கிடைக்கும். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அதன் அடியில் கிடந்த லயத்தைப் பார்த்தாள். காளியாயியின் காம்பராவில் புகை கிளம்பியிருந்தது.

"வரும்," என்று சொல்லி வைத்துவிட்டு லயத்துக்குள் ஓடினாள். "காளியாயி அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே."

"ஒலையில அரிசி கெடக்கு புள்ள."

"அரிசி கெடக்கட்டும். செவரு வந்தா ஒலையும் இல்ல, நீங்களும் இல்ல."

காளியாயி அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அடுத்த காம்பராக் கதவைத் தட்டப் போனாள்.

லயம் வெறுமையானதும் வினோதா சின்னராசாவின் வீட்டிலிருந்து இரும்பு அலவாங்கை எடுத்துவந்தாள். சுவரின் ஓரத்தில், துளைக்கு நேரே நிற்காமல் விலகி நின்று, பூச்சில் குத்தினாள். மூன்றாவது குத்தில் சிமெந்தும் கடதாசியும் பெயர்ந்து செம்மண் தண்ணீர் வெளியே பாய்ந்தது. வெள்ளை, ரோஜா, பச்சை எல்லாவற்றின் மேலும் சேறு வழிந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த சின்னராசா தலையில் கைவைத்து நின்றார். அவள் அடுத்த துளைக்கு நகர்ந்தாள்.

கீழ் வரிசையில் பாதியைத் திறந்திருந்தபோது கிருஷாந்தியின் வேன் வந்தது. மழையங்கியோடு இறங்கியவள் பாய்கிற தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாருடி இத அடைச்சது?"

சின்னராசா முந்திக்கொண்டார். "நாங்கதாங்க டொக்டர் மிஸ். திருவிழாவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு. எங்களுக்கு இதெல்லாம் எங்கங்க தெரியுது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சொல்லிக்கொடுக்காமலே அவளுக்காக ஒரு மனிதர் பழியை எடுத்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்த விதம்தான் வினோதாவைக் குத்தியது.

"நான்தான் அடைக்கச் சொன்னேன்," என்றாள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒன் நாலாவது வரைபடத்த இந்தச் செவருக்குப் போட்டும் பாத்தேன். அதுல பெழை கண்டுபிடிக்கத்தான்."

"பொறகு ஏண்டி?"

"குணரத்தினம் சேர் செவர விட அழகா தெரியணும்னு. ஒன் பொத்தகத்துல வரணும்னு."

கிருஷாந்தி முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். "எனக்கு ஒன்ன மாதிரி ஒரு செவராவது கட்டத் தெரியுமாடி? நான் கட்டினதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள."

ஆறுதலுக்குச் சொல்கிறாளா, உண்மையாகச் சொல்கிறாளா என்று வினோதாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் பிடிக்கவில்லை. பொறாமைப்படுகிற உரிமையைக்கூட இவள் பங்கு கேட்கிறாள் என்று தோன்றியது.

"அட்டைக்கு டிக்கோயா செவருதான்," என்றாள் கிருஷாந்தி, மெதுவாக. "ஓட்டைய அடைச்சா என்ன ஆகும்னு காட்ட உள்ளுக்கு ஒரு படம் வேணும். இத எடுக்கவா? பேரு போட மாட்டேன்."

"போடு. கட்டினது வினோதான்னு போடு. அடைச்சதும் அவதான்னு போடு."

"இதுக்குமா பேரு கேக்குற?"

"ஆமா."

கிருஷாந்தி சிரித்துவிட்டாள். கமராவைச் சின்னராசாவிடம் கொடுத்துவிட்டு மழையங்கியின் கையைச் சுருட்டினாள். இன்னும் பாதித் துளைகள் அடைபட்டிருந்தன. "தா, நான் ரெண்டு குத்துக் குத்துறேன்."

வினோதா அலவாங்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இது என் செவரு. நீ தள்ளி நின்னு படம் எடு."