அக்காவின் உள்ளங்கையும் ஊர்ந்துபோன செல்களும்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள் என் அக்கா. வருஷக்கணக்காக வெடிமருந்தோடு புழங்கியும் ஒரு பொட்டுக் காயம் படாதவளை, வீட்டில் சோறு வடித்த கஞ்சி சுட்டுவிட்டது. வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. விரல் நிமிராவிட்டால் சரம் பின்ன முடியாது. வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

விரலை நீட்டி நீட்டிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவளா கேட்பாள்? ஆலையில் கால் வைத்த அன்றைக்கே தேய்க்காதே, இழுக்காதே, உரசாதே என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டத்தைப் புண்ணுக்கும் போட்டுவிட்டாள். மடக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆட்டுனா புண்ணு எப்படிலே ஆறும்? சோலியப் பாரு" என்றாள்.

என் சோலி அப்போது விருதுநகர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். தட்டில் வளர்த்த தோல் செல்களின் நடுவே ஒரு கோடு கீறி, அது மூடுவதை மைக்ராஸ்கோப்பில் படம் பிடிக்க வேண்டும். படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கீறலின் ஓரத்துச் செல்கள் ஊர்ந்தன! பக்கத்துச் செல் இல்லாமல் போனதும் உள்ளே சமிக்ஞை கிளம்புகிறது. உடனே முன்பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகள் நீள்கின்றன, பின்பக்கம் சுருங்கி இழுக்கின்றன. இந்த இழைகளுக்குச் செல்லின் எலும்புக்கூடு என்று பெயர்தான். நொடிக்கு நொடி கட்டிக் கலைகிற கூடு அது. இதைவிடப் பெரிய சங்கதி, சமிக்ஞைக்கும் இழைக்கும் நடப்பது ஒருவழிப் பேச்சில்லை. இழைகள் இழுக்கும் இழுப்பே செல்லுக்கு அடுத்த சமிக்ஞையாகி, இன்னும் இழைகளைக் கட்டச் சொல்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அக்காவின் மடங்கிய கை நினைவுக்கு வந்து பகீரென்றது. ஆழமான புண்ணை இதே இழுப்புதான் சுருக்கி மூடுகிறது. மடக்கியே வைத்திருந்தால் தோல் அந்த வாக்கிலேயே இறுகிவிடும். படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அக்காவிடம் காட்டினேன்.

"உன் கைக்குள்ளயும் இதுதாங்க்கா நடக்குது. செல்லு இழுத்து இழுத்துப் புண்ண மூடும், இன்னும் இழு இன்னும் இழுன்னு உத்தரவு வந்துக்கிட்டே இருக்கும். மடக்கி வச்சா மடக்குன மேனிக்கே கட்டிப் போட்டுரும்."

"எம்புட்டு அவசரம் பாரு இதுகளுக்கு!" என்று சிரித்தாள். "இன்னும் இழுன்னு யாரு சொல்றா?"

"இழுக்குற இழுப்பே சொல்லுதுக்கா."

"பின்னுறப்ப நூலு இறுகுறது விரலுக்குத் தெரியுமே, அப்படியா?"

"அப்படியேதான்!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சுண்டுவிரல் பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் சனியன் மாதிரி பின்னாலேயே திரிந்தேன். சோறு போட்டாலும் "நீட்டுக்கா", டிவி பார்த்தாலும் "நீட்டுக்கா". புண் ஆறியது. சுண்டுவிரல்தான் வீம்பு பிடித்தது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் மறுபடியும் "நீட்டுக்கா" என்றேன். "ஏலே, உனக்கு வேற பேச்சே இல்லையா?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், வலது கையால். சுளீரென்றது. சட்டையைக் கழற்றிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினேன். சுண்டுவிரலோடு சேர்த்து ஐந்து விரலும் முழு நீளத்துக்குப் பதிந்திருந்தன.

"அக்கா, இன்னொண்ணு போடு!" என்று கத்தினேன்.